தண்ணீர் கேளாத வண்டி: ஆமைக் காடியின் வரலாறும் நம் தோட்டத்து நினைவுகளும்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முந்திய நாள். பள்ளி முடிந்து மாணவர்கள் வாசலில் பேருந்துக்குக் காத்திருந்தனர். அப்பொழுது ரெம்பியாச் சாலையில் நீல நிறப் பழைய வோக்ஸ்வாகன் மகிழுந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மலாக்கா நகரிலிருந்து தம்பின் நோக்கிச் செல்பவர். வழி கேட்கவே நின்றார். அவர் புறப்படுவதற்குள் இருபது பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துவிட்டனர். பின்புற மூடியைத் திறந்து காட்டுமாறு கெஞ்சினர். அந்த நல்ல மனிதரும் திறந்து காட்டினார். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், இதுல தண்ணி எங்க ஊத்துறது?"

"இதற்குத் தண்ணீரே வேண்டாமப்பா" என்றேன். அவன் நம்பவில்லை. அவன் முகத்தில் கண்ட ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பழைய மகிழுந்துகள் பல உள. அவற்றுள் காற்றால் குளிர்விக்கப்படும் இயந்திரம் கொண்டவற்றின்மீது மட்டும் மக்களுக்கு ஏன் இத்துணைப் பற்று? உலகெங்கும் அவ்வண்டிகளைப் போற்றிக் காப்போர் இன்றும் இருப்பது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் ஜெர்மனியின் வரலாற்றோடு நம் மலாக்கா மாநிலத் தோட்டங்களின் வரலாறும் சேர்ந்தே வருகின்றது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

காற்று எவ்வாறு குளிர்விக்கின்றது?

பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எந்த மகிழுந்தின் இயந்திரமும் எரிபொருளை எரித்தே இயங்குகின்றது. அவ்வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறும். மீதம் இயந்திரத்தின் உலோகத்தைச் சுடும். அதனை வெளியேற்றாவிட்டால் உலோகம் விரிந்து, உள்ளே ஓடும் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். பெரும்பாலான வண்டிகளில் இவ்வெப்பத்தை நீர் சுமந்து சென்று, முன்புறமுள்ள ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. அதாவது நீர் வெறும் இடைத்தரகரே. இறுதியில் வெப்பம் சென்று சேர்வது காற்றிடந்தான்.

அவ்விடைத்தரகரை நீக்கிவிட்டு நேரே காற்றிடம் கொடுத்தால் என்ன? இதுவே காற்றுக் குளிர்விப்பு முறை. சிலிண்டரின் வெளிப்புறத்தில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக வார்க்கப்பட்டிருக்கும். இவற்றால் காற்றுப்படும் பரப்பு பன்மடங்காகிறது. மோட்டார் சைக்கிளில் ஓட்டத்தின் வேகத்தாலேயே காற்று கிடைத்துவிடும். பின்புறத்தில் இயந்திரம் அடைபட்டிருக்கும் வோக்ஸ்வாகனுக்கு அது போதாது. ஆதலால் டைனமோவின் தண்டிலேயே ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, தகர உறை ஒன்றின் வழியாக நான்கு சிலிண்டர்கள்மீதும் காற்றை அடிக்கச் செய்தனர். அதே காற்று எண்ணெய்க் குளிர்விப்பானையும் தழுவிச் செல்லும். ஏறத்தாழ இரண்டரை லிட்டர் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தைச் சுமக்கும் வேலையையும் செய்தது.

ரேடியேட்டர் இல்லை, நீர்ப்பம்பு இல்லை, ரப்பர்க் குழாய்கள் இல்லை. கசிவதற்கும் துருப்பிடிப்பதற்கும் கொதிப்பதற்கும் ஒன்றுமில்லை. காற்று கொதிப்பதுமில்லை, பனிநாட்டில் உறைவதுமில்லை. இயந்திரத்தை வண்டியோடு பிணைத்திருப்பவை நான்கே நான்கு பெரிய போல்ட்டுகள். அவற்றைக் கழற்றிவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இயந்திரத்தை வெளியே எடுத்துவிடலாம். இவ்வெளிமையே பிற்காலப் பற்றுக்கு முதற்காரணம்.

நல்ல வண்டி, பொல்லாத பிறப்பு

இவ்வண்டியின் பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைத்துப் பேசுதல் ஆகாது. பொறியாளர் பெர்டினாண்ட் போர்ஷே 1934ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜெர்மன் மகிழுந்து உற்பத்தியாளர் சங்கத்துடன் மக்கள் வண்டி ஒன்றை வடிவமைக்க ஒப்பந்தம் செய்துகொண்டார். அதற்குப் பின்னிருந்து உந்தியவர் அடால்ப் ஹிட்லர். காற்றுக் குளிர்விப்பும் வளைந்த முதுகும் போர்ஷே ஒருவரின் தனிக் கற்பனை அல்ல. செக்கோசுலோவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா டாட்ரா வண்டிகளில் அவற்றை முன்னரே கையாண்டிருந்தார். யூதரான ஜோசப் கான்ஸ் என்னும் பொறியாளரும் மக்களுக்கான சிறு வண்டியைப் பற்றி எழுதியும் வடிவமைத்தும் வந்தார். நாஜிகளின் ஆட்சி வந்ததும் அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

1938இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. வண்டியின் விலை 990 மார்க் என அறிவித்தனர். தொழிலாளர்கள் வாரம் 5 மார்க் செலுத்தி, அட்டையில் முத்திரை ஒட்டிச் சேமித்தால் வண்டி கிடைக்கும் என்றனர். ஏறத்தாழ 3 இலட்சத்து 36 ஆயிரம் பேர் அவ்வாறு சேமித்தனர். போர் மூண்டது. தொழிற்சாலை படைக்கு வேண்டிய வண்டிகளையும் தளவாடங்களையும் செய்யத் திரும்பிற்று. சேமித்தவர்களுள் ஒருவருக்கும் அத்திட்டத்தின்வழி வண்டி கிடைக்கவில்லை. நீண்ட வழக்கிற்குப் பின்னர் 1961இல்தான் புதிய வண்டியின் விலையில் ஒரு பகுதித் தள்ளுபடியோ சிறு தொகையோ அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையில் ஏறத்தாழ 20,000 பேர் கட்டாய உழைப்பில் வாட்டப்பட்டனர். பிற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டோர், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என அவர்கள் பலதிறத்தினர். இதனை வரலாற்றறிஞர் ஹான்ஸ் மோம்சன் அந்நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரிலேயே ஆராய்ந்து 1996இல் நூலாக வெளியிட்டார்.

இதனைப் படிக்கும்பொழுது நம் மனம் சயாம் மரண இரயில் பாதையை எண்ணாமல் இருக்க இயலுமோ? 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஜெர்மனியின் நேச நாடாகிய ஜப்பான், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அங்குக் கொண்டு சென்றது. திரும்பி வாராதோர் பலர். ஒரே போர், ஒரே காலம், உலகின் இரு முனைகளில் ஒரே வகைக் கொடுமை. ஒரு பொருளை நாம் விரும்புவதால் அதன் பிறப்பின் களங்கம் நீங்கிவிடாது. பிறப்பில் களங்கம் உண்டு என்பதற்காக, அதைப் பிற்காலத்தில் உழைத்துச் செம்மைப்படுத்தியவர்களின் பெருமையும் குறைந்துவிடாது. வரலாறு கற்பிக்கும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாம்பலிலிருந்து எழுந்த வண்டி

1945இல் ஜெர்மனி வீழ்ந்தது. தொழிற்சாலை இருந்த பகுதி பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் வந்தது. அவ்வூருக்கு வோல்ஃப்ஸ்பர்க் எனப் பெயரிடப்பட்டது. அங்கு அனுப்பப்பட்ட மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்பார், குண்டுவீச்சில் சிதைந்த அத்தொழிற்சாலையை இடித்துத் தள்ளாமல் மீண்டும் இயங்கச் செய்தார். பிரிட்டிஷ் படையே 20,000 வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்தது. 1948 ஜனவரியில் ஹைன்ஸ் நோர்டோஃப் தலைமை ஏற்றார். வடிவத்தை ஆண்டுதோறும் மாற்றி வாங்குவோரை மயக்குவதே அன்றைய மகிழுந்து வணிகத்தின் வழக்கம். நோர்டோஃப் அதற்கு மாறாக வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வந்தார்.

இதன் விளைவு வியப்பிற்குரியது. 1955 ஆகஸ்டில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1972 பிப்ரவரி 17ஆம் நாள் 1,50,07,034ஆவது வண்டி வெளிவந்து, ஃபோர்ட் நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டி அதுவரை வைத்திருந்த சாதனையை முறியடித்தது. 985 கனசென்டிமீட்டர் இயந்திரத்தோடு தொடங்கிய வண்டி, காலப்போக்கில் 1200, 1300, 1500, 1600 என வளர்ந்தது. ஆயினும் தோற்றம் மாறவில்லை. அதனால் ஓராண்டு வண்டியின் உறுப்பு மற்றோர் ஆண்டு வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்திற்று. பழைய வண்டியைக் காப்பாற்ற நினைப்போர்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

உலக மக்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர்கள் பல. ஆங்கிலத்தில் வண்டு, இந்தோனேசியாவில் தவளை, தாய்லாந்தில் ஆமை, பிலிப்பைன்ஸில் கூனன். எங்கள் தோட்டத்தில் அது ஆமைக் காடி.

டயருக்குப் பால் கொடுத்தவர்கள்

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுதல் தொடங்கியது இம்மாநிலத்தில்தான். 1896இல் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் விரிவுபடுத்தினார். 1908இல் அமெரிக்காவில் ஃபோர்டின் 'மாடல் டி' வெளிவந்து மகிழுந்து பெருகத் தொடங்கியதும் டயருக்கான ரப்பரின் தேவை வான்முட்டிற்று. அத்தேவையை நிறைவேற்றவே தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேற்றப்பட்டனர். அலோர் காஜா, ரெம்பியா, காடேக், தெபோங், டுரியான் துங்கால் சுற்றுவட்டாரங்களில் இன்று நம் தமிழ்ப்பள்ளிகள் இருப்பதன் மூலகாரணம் தேடினால், உலகின் சாலைகளில் சுழன்ற சக்கரங்களில் போய் முடியும்.

ஆயினும் பாருங்கள்! உலகத்து மகிழுந்துகளுக்கெல்லாம் டயர் கொடுத்த தோட்டத்தில், மகிழுந்து வைத்திருந்தவர் துரை ஒருவர். பிற்காலத்தில் பெரிய கிராணியார். பால்மரம் வெட்டியவர் விடியலுக்கு முன் நடந்து சென்றார். கொஞ்சம் வசதி வந்தால் சைக்கிள். 1950களிலும் 1960களிலும் ஆசிரியர், கிராணி, மருத்துவமனை உதவியாளர் போன்றோர் மெல்ல மெல்ல மகிழுந்து வாங்கத் தொடங்கினர். ஆங்கிலேயரின் மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஃபோர்ட் ஆங்கிலியா ஆகியவற்றோடு ஜெர்மனியின் வோக்ஸ்வாகனும் இறக்குமதியாயிற்று. 1968இல் ஷா ஆலாமில் தொடங்கிய சாம்பியன் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வண்டிகளுள் வோக்ஸ்வாகனும் ஒன்று.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஜெர்மன் தொழிலாளி வாரந்தோறும் முத்திரை ஒட்டி ஏமாந்த கதையை மேலே கண்டோம். 1950களில் மலாயாவில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலை வந்தது. அப்பொழுது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கிற்று. பின்னர் மேலும் பல தோட்டங்களை வாங்கிற்று. அங்கேயும் ஏழைகள் சேமித்தனர். இங்கேயும் ஏழைகள் சேமித்தனர். அங்கே ஆட்சியாளர் வாக்கு காற்றோடு போயிற்று. இங்கே பணம் நிலமாக நின்றது. மாணவர்க்குச் சேமிப்பைப் பற்றிச் சொல்லும்பொழுது, எவரிடம் சேமிக்கிறோம், அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.

எங்கள் வீட்டு ஆமை

என் தந்தையார் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். 1974ஆம் ஆண்டு, கூட்டுப் பணம் எடுத்து, பலர் கைமாறிய வோக்ஸ்வாகன் ஒன்றை வாங்கி வந்தார். புதிய ஜப்பான் வண்டிகள் அப்பொழுது பரவத் தொடங்கியிருந்தன. அதனால் பழைய ஆமை மலிவாகக் கிடைத்தது. லயத்து வீட்டின் முன் அது வந்து நின்ற நாள் எனக்கு இன்றும் கண்முன் நிற்கின்றது. தாத்தா டயரைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். "இதுதானா அது?" என்று மட்டும் கேட்டார். பாட்டிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "ஆமை புகுந்த வூடு உருப்படாதுடா" என்று முணுமுணுத்தார்.

ஓராண்டு கழித்துப் பாட்டியின் வாக்கு பலித்துவிட்டது போலவே ஒன்று நடந்தது. தம்பினில் ஒரு திருமணத்திற்குச் சென்று இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. டைனமோவிலிருந்து மின்சாரம் ஏறவில்லை என்பதற்கு அறிகுறி அது. லோரியில் பழகிய தந்தையார், "பேட்டரி வீடு வரைக்கும் தாங்கும்" என்று ஓட்டினார். லோரியில் வெப்பம் காட்டும் முள் உண்டு. நீர் கொதித்தால் ஆவி எழும். ஆமையில் அவை ஒன்றுமில்லை. டைனமோவைச் சுழற்றும் வார்தான் விசிறியையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் குளிர்விப்பும் நின்றுவிடும் என்பதை அவர் அப்பொழுது எண்ணவில்லை. சில கல் தொலைவில் இயந்திரம் முனகி, இறுகி, நின்றேபோயிற்று. இருட்டில் சாலையோரம் உட்கார்ந்திருந்த என் தாயார் ஒன்றும் பேசவில்லை. அவ்வண்டிக்காக அவர் அடகு வைத்திருந்த சங்கிலி அதுவரை மீளவில்லை.

மறுவாரம் பட்டணத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். சீனப் பெரியவர், மலாயும் சிறிது தமிழும் பேசுவார். "சிவப்பு லைட்டு வந்தா உடனே நிறுத்தணும், அண்ணே. இந்த வண்டி ஒரு தடவைதான் சொல்லும்" என்றார். வேறு இயந்திரம் வாங்கப் பணமில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்லத் தந்தையாரே பிரித்தார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பழைய டயர் ஒன்றின்மேல் இயந்திரத்தை இறக்கினர். மூன்றாம் சிலிண்டரில்தான் பெருஞ்சேதம். எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றுவழியில் நின்றதால் அச்சிலிண்டர் எப்பொழுதுமே சற்று மிகுதியாகச் சூடாகும். பிற்கால இயந்திரங்களில் அக்குறையைத் திருத்தினர் என்று பெரியவர் விளக்கினார். உறுப்புகள் பழைய வண்டிகளிலிருந்து ஒன்றொன்றாகச் சேர்ந்தன. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. நான் விளக்குப் பிடித்தேன். வால்வு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை என் கையில் கொடுத்து, "பிடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது, அதுதான் அளவு" என்றார் பெரியவர். அளவு என்பதற்கு நான் பள்ளியில் கற்றதைவிட அது நல்ல பாடம்.

வண்டி மீண்டும் ஓடிற்று. அதன் பின்னர் மாதந்தோறும் வாரைச் சோதிப்பது தந்தையாரின் வழக்கமாயிற்று. கப்பியின் இரு பாதிகளுக்கிடையே உள்ள வட்டத் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் வாரின் இறுக்கத்தைச் சரிசெய்வார். இருக்கைக்கடியில் எப்பொழுதும் ஒரு புதிய வார் இருந்தது. பாட்டி அதன்பின் ஆமையைப் பழிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு திருநீற்றுக் கீற்று இட்டார்.

1985 ஜூலையில் நம் நாட்டின் புரோட்டோன் சாகா வெளிவந்தது. பழைய வண்டிகளின் விலை சரிந்தது. மறு ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லும் செலவிற்காக ஆமையை விற்றோம். கிடைத்தது சொற்பம். இன்று அத்தகைய வண்டி ஒன்று செம்மையாக இருந்தால் அதன் விலையைக் கேட்கவே எனக்கு அச்சமாயிருக்கிறது!

கப்சாயை மறக்கலாமோ?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்ட மக்களுள் ஆமைக் காடி வைத்திருந்தோர் மிகச் சிலரே. நம் மக்களின் வாழ்வை உண்மையில் மாற்றிய காற்றுக் குளிர்விப்பு இயந்திரம் வேறொன்று. அதுதான் நாம் கப்சாய் என்று அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள். ஹோண்டா நிறுவனம் 1958இல் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. 2017இல் அவ்வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டிற்று. பால் வாளியைச் சுமந்ததும், பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிப் பள்ளியில் விட்டதும், காய்கறிக் கூடையோடு கம்பம் கம்பமாகச் சுற்றியதும் அதுவே. சிலிண்டரைச் சுற்றித் தகடுகள். ஓடும் காற்றே குளிர்விப்பு. ஒரு சாவிக்கொத்தளவு கருவிகளால் பழுது பார்க்கலாம். கொள்கை ஒன்றே. ஆமையைப் போற்றும் கூட்டங்கள் பல உள. கப்சாயைப் போற்றுவோர் குறைவு. எப்பொழுதும் உடனிருப்பவரின் அருமை நமக்குத் தெரிவதில்லை.

ஏன் மறைந்தது? ஏன் மறையவில்லை?

இத்துணைச் சிறப்புடைய முறை ஏன் கைவிடப்பட்டது? காரணங்கள் தெளிவானவை. நீர்ச்சுற்று இன்மையால் இயந்திரத்தின் ஓசை நேரே வெளிவரும். வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருப்பது கடினம். ஆதலால் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் கடுமையானபொழுது அவற்றை நிறைவேற்றுதல் அரிதாயிற்று. மிகுந்த ஆற்றல் வேண்டுமெனில் காற்று மட்டும் போதவில்லை. வோக்ஸ்வாகனே 1974இல் நீர்க் குளிர்விப்புக் கொண்ட கோல்ஃப் வண்டிக்கு மாறிற்று. ஜெர்மனியில் மூடிய கூரை கொண்ட ஆமையின் உற்பத்தி 1978இல் நின்றது. மெக்சிகோவின் புவெப்லா நகரில் 2003 ஜூலை 30ஆம் நாள் கடைசி வண்டி வெளிவந்தது, மொத்தம் 2,15,29,464. பிரேசிலில் அதே நிறுவனத்தின் வேனில் காற்றுக் குளிர்விப்பு இயந்திரம் 2005 வரை நீடித்தது. போர்ஷே 911 வண்டியும் 1998ஆம் ஆண்டோடு காற்றுக் குளிர்விப்புக்கு விடைகொடுத்தது. பிரான்சின் சித்ரோன் 2சிவி 1948 முதல் 1990 வரையும், இத்தாலியின் ஃபியட் 500 1957 முதல் 1975 வரையும் அதே வழியில் ஓடி ஓய்ந்தன.

குறைகளையும் மறைக்கக் கூடாது. விபத்தில் காக்கும் ஏற்பாடுகள் இன்றைய வண்டியில் உள்ளவற்றுக்கு அதில் உள்ளவை ஈடாகா. பெட்ரோல் தொட்டி முன்புறத்தில், பயணியரின் காலுக்கு அருகில். நம் நாட்டு வெயிலில் உள்ளே அமர்ந்தால் வேர்த்துக் கொட்டும். பெற்றோர் எவரும் பிள்ளைகளை நாள்தோறும் பள்ளிக்கு ஏற்றி வர அதனை வாங்குமாறு நான் சொல்லமாட்டேன்.

அவ்வாறிருந்தும் அதன்மீதான பற்று மறையவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 22ஆம் நாளை உலக வோக்ஸ்வாகன் வண்டு நாளாகப் பல நாட்டவர் கொண்டாடுகின்றனர். மலாக்கா பண்டார் ஹிலிரில் இவ்வண்டிகள் வரிசையாக நிற்பதை நானே கண்டிருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே மூடிக்குள் தலையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தனர். இன, மொழி வேறுபாடின்றி அவர்கள் பேசியது விசிறி வாரைப் பற்றியே!

பழையதன்மீதுள்ள ஏக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. அவ்வண்டியைத் திறந்தால் அது எவ்வாறு இயங்குகின்றது என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. தெரிவதால் கையை வைக்கும் துணிவு வருகின்றது. கையை வைத்தவன் தவறிழைக்கிறான், தவற்றிலிருந்து கற்கிறான். தன் கையால் உயிர்ப்பித்த ஒன்றை மனிதன் எளிதில் மறப்பதில்லை. இன்றைய வண்டிகள் சிறந்தவை, ஐயமில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் கறுப்புப் பலகையொன்று மறைத்து நிற்கின்றது. "நீ ஓட்டு, உள்ளே பார்க்காதே" என்று அது சொல்வதுபோல் எனக்குத் தோன்றும்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியத் தோழர்களே, பெற்றோரே! எங்கள் தோட்டம் இன்றில்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும். லயத்து வீடுகள் இருந்த சுவடும் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் கைத்திறனும் அவர்களோடு மறைந்துவிட விடலாமா என்பதே என் கவலை. சைக்கிளின் பஞ்சர் ஒட்டத் தெரியாத பிள்ளைகளை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். இது அவர்கள் குற்றமன்று.

வீட்டிலுள்ள பழைய கப்சாய் ஒன்றின் சிலிண்டரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அந்தத் தகடுகள் எதற்கு என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லாதீர்கள். அறிவியல் பாடம் அங்கே தொடங்கும். டயரைத் தொடச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடமும் அங்கேயே தொடங்கும். தாத்தா பாட்டி உயிரோடிருந்தால் அவர்களையும் அருகில் அமரச் செய்யுங்கள்.

அன்று வாசலில் ஐயப்பட்டு நின்ற மாணவனை நான் மறுநாள் அழைத்து, பழைய டைனமோ விசிறி ஒன்றின் படத்தைக் காட்டி விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்த பெல்ட்டு அறுந்துட்டா, சார்?" என்றான். என் தந்தையார் நடு இரவில் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை, அவன் ஒரே வினாவில் தொட்டுவிட்டான். அவ்வினாவிற்கு விடையாகவே தம்பின் சாலையின் கதையை அவனுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொன்னேன்.